தேக்குப் பெயர்ப்பலகை: பர்மிய வரி சுத்தமா வருது, தமிழ் வரி மட்டும் மூலைக்கு மூலை கருகுது. ஏன்?

பகோ_சீவல் | திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல எங்க ஊர் பெகு (பகோ). இங்க இருக்குற அம்மன் கோயிலுக்குப் பெயர்ப்பலகை செஞ்சு தர ஒத்துக்கிட்டேன். திருவிழாவுக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கு. பலகை தேக்கு, கனம் 30 மி.மீ., நீளம் 1100. மேல்வரி தமிழ்ல ‘பரமேஸ்வரி அம்மன் ஆலயம்’, கீழ்வரி அதே பெயர் பர்மிய எழுத்துல. எழுத்தை 8 மி.மீ. ஆழத்துக்குக் குழிச்சு உள்ளே தங்க வர்ணம் அடிக்கணும். குழியோட சுவர் மட்டும் மரத்தோட நிறத்துலயே இருக்கணும்னு கோயில்ல கேட்டிருக்காங்க. அதனால கருகலை வர்ணத்துக்கு அடியில மறைக்க வழியில்ல.

மெஷின் சீனாவுல செஞ்ச 1212 மேசை, கம்ப்யூட்டர் சொல்ற பாதையில மரத்தைக் குடையுற சிஎன்சி. பிட்டைச் சுத்துற மோட்டார் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், தண்ணியில குளிருறது. மேசையை நகர்த்துறது ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர். பிட்டு 6 மி.மீ., ரெண்டு வெட்டுவாய். 18000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து), ஃபீடு, அதாவது பிட்டு மரத்துல நகர்ற வேகம், நிமிஷத்துக்கு 1000 மி.மீ., ஒரு தடவைக்கு 2 மி.மீ. ஆழம்.

நல்ல பலகையை இன்னும் தொடல. அதே மரத்துத் துண்டுல ஒத்திகை பார்த்தேன். பர்மிய வரி லேசா பழுப்பு, அவ்வளவுதான். தமிழ் வரியில ‘ப’வோட ரெண்டு கீழ் மூலையும் கரி மாதிரி ஆயிடுச்சு, ‘ம’வும் அப்படியே. சரி, மெதுவா விட்டா நோகாம வெட்டும்னு நினைச்சு ஃபீடை 600க்குக் குறைச்சேன். முன்னைவிட மோசமாகி, புகையே வந்துடுச்சு. அதே மரம், அதே பிட்டு, அதே வேகம். ஒரு வரி மட்டும் ஏன் கருகணும்?


ஒன்பதாம்_மைல் | திங்கள் மதியம்

தம்பி, முதல்ல அந்த 600ஐ எடுத்துடுங்க. மரவேலைக்கு வர்ற புதுசு எல்லாரும் முதல் மாசம் இதைத்தான் செய்றாங்க. கருகுனா மெதுவாக்கணும்னு தோணும். ஆனா நாம விரட்ட வேண்டியது சூட்டை. சூடு சீவலோட வெளிய போகணும். சீவல் மெலிஞ்சா சூட்டை எடுத்துட்டுப் போக ஆளில்ல, அது பிட்டுலயும் மரத்துலயும் தங்கிடும்.

கணக்கு இப்படிப் போடுங்க. ஃபீடை, ஆர்பிஎம்மும் வெட்டுவாய் எண்ணிக்கையும் பெருக்கி வர்ற தொகையால வகுக்கணும். உங்களுது 1000 வகுத்தல் 36000. ஒரு வெட்டுவாய் ஒரு தடவைக்குக் கடிக்கிறது 0.028 மி.மீ. நீங்க 600க்கு இறக்கினதும் அது 0.017 ஆயிடுச்சு. நோட்டுப்புத்தகக் காகிதம் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். காகிதத்துல ஆறுல ஒரு பங்கு மட்டுமே கடிக்கிற முனை அங்க மரத்தைத் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்.

தேக்குக்கு 6 மி.மீ. பிட்டுல 0.1ல இருந்து ஆரம்பிங்க. 12000 ஆர்பிஎம், ஃபீடு 2400 வச்சா சரியா 0.1 வரும். உங்க மேசை தாங்குனா மேலேயும் போகலாம். தாங்கலைன்னா ஆர்பிஎம்மையும் சேர்த்து அதே அளவுல குறைங்க, ஃபீடை மட்டும் குறைக்காதீங்க. 8000க்குக் கீழ மட்டும் போக வேண்டாம், அங்க ஸ்பிண்டிலுக்கு வலு இருக்காது.

வெட்டி முடிச்சதும் கீழ விழுந்ததைக் கையில எடுத்துப் பாருங்க. பவுடர் மாதிரி இருந்தா தேய்ச்சிருக்கு, சின்னச் சின்ன செதிலா இருந்தா வெட்டியிருக்கு. ஸ்பிண்டில் நின்ன பிறகு பிட்டைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கலாம், சுடக்கூடாது.


மோல்மேன்_உளி | திங்கள் இரவு

ஒன்பதாம் மைல் தம்பி சொன்ன கணக்கு எனக்குப் புதுசு, விஷயம் பழசு. இழைப்புளியில வாயை ரொம்ப உள்ளே இழுத்து வச்சு மரத்துல தள்ளிப் பாருங்க. சுருள் வராது. மரம் பளபளன்னு மின்னும், உளி சூடாகும். அதே கதைதான்.

தேக்கைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அதுக்குள்ள மணல் இருக்கு. நான் மணல்னு சொல்றதைப் படிச்சவங்க சிலிக்கான்னு சொல்வாங்க. மரத்தோட எடையில 1.4 சதம் வரைக்கும் இருக்கலாம். அதனாலதான் தேக்கு அறுக்குற வாளை அடிக்கடி அரம் போட வேண்டியிருக்கு. மரத்துல எண்ணெய்ப் பசையும் இருக்கே, அது வெட்டுவாயில ஒட்டிக் காய்ஞ்சு பழுப்பா இறுகிடும். மேல பார்த்தா பிட்டு கூர்மையாத்தான் தெரியும். கட்டைவிரல் நகத்துல வெட்டுவாயை லேசா வச்சு இழுத்துப் பாருங்க. நகத்தைப் பிடிச்சுச் சீவுனா கூர் இருக்கு, வழுக்கிட்டுப் போனா கூர் போச்சு. கையை வெட்டிக்காதீங்க.

உங்க பிட்டு இதுவரைக்கும் எவ்வளவு தேக்கு வெட்டியிருக்கு? பலகை புதுசா பழசா?


பகோ_சீவல் | செவ்வாய் காலை

ஐயா, இடிச்ச வீட்டுத் தூண்ல இருந்து அறுத்த பழைய தேக்கு. வைரம் பாய்ஞ்ச மரம். அந்தக் குடும்பமே கோயிலுக்குக் கொடுத்தது, வேற பலகை கிடையாது. பிட்டு கார்பைடுதான், ரெண்டு கதவு முழுக்கப் பூவேலை செஞ்சிருக்கு. நீங்க சொன்ன மாதிரி நகத்துல வச்சேன், ஒரு வாய் பிடிக்குது, இன்னொரு வாய் வழுக்குது.


மோல்மேன்_உளி | செவ்வாய் காலை

பழைய தூண்னா ஆணி இருக்கும். தலை ஒடிஞ்ச ஆணி வெளிய தெரியாது. நல்ல காந்தம் ஒண்ணைக் கயித்துல கட்டிப் பலகை மேல அங்குலம் அங்குலமா இழுங்க. எங்க இழுக்குதோ அங்க சாக்பீஸ்ல குறி போடுங்க. புது பிட்டு மாட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடுங்க.


கமாயுட்_பலகைக்கடை | செவ்வாய் மதியம்

தம்பி, நான் ஆக்ரிலிக் எழுத்து வெட்டுறவ, மரம் கொஞ்சம்தான். ஆனா நீங்க எழுதுனதுல ஒண்ணு எனக்கு உறுத்துச்சு. ஒரு வாய் பிடிக்குது, இன்னொண்ணு வழுக்குதுன்னீங்களே, ரெண்டும் ஒரே மாதிரி தேயணுமே. ஒரு வாய் மட்டும் அதிகமா வேலை செஞ்சிருக்குன்னா பிட்டு நேரா சுத்தல. பிட்டைக் கவ்விப் பிடிக்கிற கோலெட்டைக் கழற்றிப் பாருங்க.

போன வருஷம் என் கடையில இதே மாதிரி 10 நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன். ஃபீடு மாத்தினேன், பிட்டு மாத்தினேன், ஒண்ணும் ஆகல. கடைசியில கோலெட்டைக் கழற்றி வெளிச்சத்துல பிடிச்சா, உள் துளையைச் சுத்தி மோதிரம் மாதிரி பழுப்புக் கறை. மரப்பிசினும் தூளும் சேர்ந்து வெந்து இறுகியிருக்கு. நட்டோட உள் சரிவுலயும் அதே. டயல் கேஜ் வச்சுச் சுத்திப் பார்த்தேன், 0.06 மி.மீ. ஆட்டம். 0.03 கடிக்க வேண்டிய பிட்டு 0.06 ஆடுனா ஒரு வாய்தானே வெட்டும்? இன்னொண்ணு காத்துல சுத்தும், இல்லைன்னா தேய்க்கும். மண்ணெண்ணெய்ல ஊற வச்சுப் பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சுக் காய வச்சேன், 0.02க்கு வந்துச்சு. பிறகு புது கோலெட்டே வாங்கிட்டேன். ஈஆர் கோலெட்டும் தேயுற சாமான்தான்.

மாட்டும்போது கோலெட்டை முதல்ல நட்டுக்குள்ள ‘டக்’குன்னு உட்கார வச்சிட்டு அப்புறம் ஸ்பிண்டில்ல ஏத்துங்க. நிறைய பேர் ஸ்பிண்டில்ல போட்டு மேல நட்டைத் திருகுறாங்க, அப்படி மாட்டுனா கோணலாத்தான் நிக்கும்.


தாட்டோன்_தச்சன் | செவ்வாய் மாலை

எதுக்கு இவ்வளவு? டவுன்கட் பிட்டு போடுங்க. மேல் விளிம்பு கத்தி மாதிரி வரும். நான் அதுலதான் எல்லாம் செய்றேன்.


ஒன்பதாம்_மைல் | செவ்வாய் இரவு

தச்சன் அண்ணே, மேல் விளிம்புக்கு நீங்க சொல்றது சரி. ஆனா டவுன்கட் சீவலைக் கீழே தள்ளும். ஒட்டுப்பலகையில அடி வரைக்கும் துளைச்சு அறுக்கும்போது அது கவலையில்ல. இங்க 8 மி.மீ. குழி, அடி மூடியிருக்கு. சீவல் போக இடமில்லாம குழிக்குள்ளேயே அரைபடும், அந்த அரைபடுற சூடே கருக்கிடும். தம்பிக்குச் சீவலை மேல தூக்குற அப்கட் வேணும், தூசி உறிஞ்சியோட குழாய் பிட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணும். மேல் விளிம்புல சிலும்பு வந்தா முதல் 1 மி.மீ. மட்டும் டவுன்கட்ல எடுத்துட்டு மிச்சத்தை அப்கட்ல எடுக்கலாம்.


தாட்டோன்_தச்சன் | செவ்வாய் இரவு

நான் பெரும்பாலும் கதவு பேனல் துளைச்சு அறுக்குறவன். மூடிய குழின்னா நீங்க சொல்றதை ஒத்துக்கறேன்.


பகோ_சீவல் | புதன் மாலை

பலகையைக் காந்தத்துல பார்த்தேன், ரெண்டு ஆணி. ஒண்ணு ‘ல’ விழ வேண்டிய இடத்துலயே இருந்துச்சு. தோண்டி எடுத்துட்டேன், ஐயாவுக்குக் கோடி நன்றி.

கோலெட் கழற்றினேன். அக்கா சொன்ன அதே பழுப்பு மோதிரம்! சுத்தம் செஞ்சு, புது அப்கட் பிட்டு மாட்டி, 12000, 2400, ஒரு தடவைக்கு 4 மி.மீ. வச்சேன். நேர்ச்சுவர் எல்லாம் மரத்தோட நிறத்துலயே வந்துடுச்சு. கையில செதில் செதிலா சீவல். சந்தோஷத்துல அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனா மூலை இன்னும் கருகுது. முன்ன மாதிரி கரியில்ல, பழுப்பு. ஒரு விஷயம் கவனிச்சேன். தமிழ் வரியிலயே ‘ஆ’வோட சுழி சுத்தம், ‘ல’வோட வளைவு சுத்தம். ‘ப’, ‘ம’, ‘ர’ மட்டும்தான். பர்மிய வரியில இப்ப துளிப் பழுப்பும் இல்ல.


ஒன்பதாம்_மைல் | புதன் இரவு

தம்பி, விடையை நீங்களே சொல்லிட்டீங்க. பர்மிய எழுத்து வட்டம் வட்டமா ஓடும், வட்டத்துல மெஷின் நிக்கவே வேண்டாம். நம்ம ‘ப’வுல செங்குத்தா இறங்கி மூலையில திரும்பணும். திரும்பணும்னா கிட்டத்தட்ட நிக்கணும். அந்த நேரமும் ஸ்பிண்டில் அதே 12000ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

ரங்கூன் வட்ட ரயில்ல போயிருப்பீங்க. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே வேகம் குறையும், கிளம்பின பிறகும் வேகம் பிடிக்க நேரமாகும். ஸ்டேஷன் பக்கத்துப் பக்கத்துல இருந்தா முழு வேகத்துக்கு வரவே வராது. உங்க 2400ங்கறது நேர்கோட்டு நடுவுல கிடைக்கிற வேகம். மூலைக்குப் பக்கத்துல அது கிடையாது.

கன்ட்ரோலர்ல $120, $121 என்ன இருக்கு? அதுதான் எக்ஸ், ஒய் முடுக்கம். இன்னொண்ணும் வேணும். ‘ப’ மூலையில இருந்து பழுப்பு எவ்வளவு தூரம் போகுதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து சொல்லுங்க.


பகோ_சீவல் | வியாழன் காலை

ரெண்டும் 50. பழுப்பு மூலையில இருந்து ரெண்டு பக்கமும் 14, 15 மி.மீ. மூலையில அடர்த்தி, போகப்போக வெளுத்துடுது.


ஒன்பதாம்_மைல் | வியாழன் மதியம்

கணக்கோட பொருந்துது பாருங்க. 2400ங்கறது செகண்டுக்கு 40 மி.மீ. முடுக்கம் 50ன்னா அந்த வேகத்தைப் பிடிக்க 40ஐ 40ஆல பெருக்கி 100ஆல வகுக்கணும். 16 மி.மீ. ஓடணும். நிறுத்தவும் அதே 16. நீங்க ஸ்கேல்ல அளந்தது அதைத்தான்.

நேரமாப் பார்த்தா, இறங்க 0.8 செகண்டு, ஏற 0.8 செகண்டு. ரெண்டு வெட்டுவாயும் சேர்ந்து செகண்டுக்கு 400 தடவை மரத்தைத் தொடுது. ஒரே ஒரு மூலையில, ஒரே ஒரு சுத்துல 640 தொடல்! முழு வேகத்துல போயிருந்தா அதே 32 மி.மீ. தூரத்துக்கு 320 போதும். அந்த உபரி 320ல பெரும்பகுதி மூலையை ஒட்டின ரெண்டு மூணு மி.மீ.க்குள்ள விழுது.

முடுக்கத்தை 300 ஆக்குனா 16 மி.மீ. 2.7 ஆயிடும், மூலைக்கு விழுற தொடல் நூத்திச் சொச்சம்தான். ஆனா ஒரேயடியா ஏத்தாதீங்க. 100, 150, 200ன்னு போங்க. ஒவ்வொரு தடவையும் பிட்டைத் தூக்கி வச்சு, காத்துல இதே எழுத்தை ஓட விட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பச் சொல்லிப் பாருங்க. அரை மி.மீ. விலகினாலும் மோட்டார் படி தவறியிருக்கு, ஒரு படி கீழ இறங்கிடுங்க. எங்க கடை மெஷின் 350 தாங்குது, உங்க மேசை கனத்துக்கு எவ்வளவு வரும்னு ஓட்டித்தான் பார்க்கணும்.

ரெண்டாவது, வெட்டும் பாதை. இப்ப குழி எடுக்குற பிட்டே சுவரையும் முடிக்குது. அப்படி வேண்டாம். 6 மி.மீ. பிட்டால சுவரோரம் 0.4 மி.மீ. விட்டு வச்சுக் குழியை எடுங்க. பிறகு 4 மி.மீ. பிட்டு மாட்டி அந்த 0.4ஐ முழு 8 மி.மீ. ஆழத்துக்கும் ஒரே சுத்துல எடுங்க. குழியோட உள்சுவரை இடஞ்சுழியா சுத்தினா பிட்டு மரத்தை முதல்ல தடிச்சுக் கடிச்சு மெலிசா விடும், தேய்ச்சு உள்ளே நுழையாது. 0.4ஐ 0.1 ஆக்கிடாதீங்க, ரொம்ப மெலிசா விட்டா மறுபடியும் தேய்க்கும்.

மூணாவது, எழுத்தை வரையும்போதே உள் மூலைக்கு 2.5 மி.மீ. ஆரம் கொடுங்க. 4 மி.மீ. பிட்டோட ஆரம் 2. அதைவிட மூலை கொஞ்சம் பெரிசா இருந்தா பிட்டு முட்டித் திரும்பாது, வளைஞ்சு போகும்.


மோல்மேன்_உளி | வியாழன் இரவு

மூலையை உருட்டுனா ‘ப’ அழகு கெட்டுடும். பர்மிய வரி வட்டமா இருக்கறது அதோட லட்சணம். தமிழ் வரியில மூலை மூலையாத்தான் இருக்கணும். மெஷின் வளைஞ்சே போகட்டும், மிச்சத்தை உளியால எடுங்க. 2.5 மி.மீ. ஆரம்னா மூலைக்கு நாலு தட்டு. உளி எடுத்த முகம் மெஷின் வெட்டுனதைவிடச் சுத்தமா இருக்கும்.


பகோ_சீவல் | வெள்ளி இரவு

முடுக்கம் 250 வரைக்கும் போச்சு, 300ல பூஜ்யம் விலகிடுச்சு. 250லயே வச்சுட்டேன். காலையில வெட்டின ஒத்திகையில ‘ம’, ‘ர’ ரெண்டும் சுத்தம். ‘ப’வுல மட்டும், பிட்டு கீழ இறங்குற இடத்துல ஒரு சின்ன வட்டக் கருகல்.

ஆனா மாலையில கரண்ட் வந்த பிறகு அதே வேலையை ஓட்டினா மறுபடி லேசா பழுப்பு. பல்பும் மங்கலா எரியுது. வோல்டேஜ்தான் காரணமா?


ஒன்பதாம்_மைல் | சனி காலை

வட்டக் கருகல் நேரா குத்தி இறங்குறதால வர்றது. பிட்டோட நடு மையத்துல வெட்டு வேகமே இல்ல, அது வெட்டாது, அழுத்தும். சாய்வா இறங்கச் சொல்லுங்க, 3 டிகிரி சரிவு போதும். சுவர் முடிக்கிற சுத்துல குழியோட நடுவுல இறங்கி, வளைஞ்சு வந்து சுவரைத் தொடணும். வெளியேறும்போதும் வளைஞ்சே விலகணும்.

வோல்டேஜ் விஷயம். ஸ்பிண்டிலோட வேகத்தை மாத்துற பெட்டியான விஎஃப்டி, உங்க கரண்டை நேர்மின்னா (டிசி) மாத்தி வச்சுக்கும். 230 வோல்ட் வந்தா உள்ளே ஏறக்குறைய 325, 180 வந்தா 255. டிஸ்ப்ளேல அந்த எண்ணைப் பார்க்கலாம். 24000ல ஓடுனா ஸ்பிண்டிலுக்கு முழு 220 வேணும், மங்கின கரண்ட்ல அது கிடைக்காம திணறும். 12000ல பாதிதான் கேட்கும், அதனால அவ்வளவு பாதிக்காது. ஆனா அந்த வேகத்துல உங்க 2.2 கிலோவாட்டும் பாதியாத்தான் கிடைக்கும்ங்கறதை மறக்காதீங்க.

அதனால எனக்கு ஸ்பிண்டில் மேல சந்தேகமில்ல. தூசி உறிஞ்சி அதே லைன்லயா இருக்கு? அந்த மோட்டார் நேரா கரண்ட்ல ஓடுறது, வோல்டேஜ் இறங்குனா இழுப்பு குறையும். சீவல் குழியிலேயே தங்கும்.


பகோ_சீவல் | சனி மதியம்

அதேதான் அண்ணே. குழியில சீவல் நிறைஞ்சு கிடந்துச்சு. உறிஞ்சியை ஜெனரேட்டர் லைனுக்கு மாத்தினேன், பழுப்பு போயிடுச்சு.


கமாயுட்_பலகைக்கடை | சனி மதியம்

தம்பி, இதை இப்பவே செய்ங்க. கருகின ஒத்திகை எல்லாம் முடிஞ்சதே, உறிஞ்சியோட பையைக் கழற்றி வெளிய கொண்டுபோய்க் கொட்டுங்க. கருகின சீவல்ல கனல் இருக்கும். பைக்குள்ள தேக்குத் தூளுக்கு நடுவுல அது மணிக்கணக்கா புகையாமலே கனன்றுக்கிட்டு இருக்கும். என் கடையில ராத்திரி 11 மணிக்குப் பை பத்திக்கிச்சு. நாங்க மேல்மாடியில குடியிருந்ததால வாசனை தெரிஞ்சது, புள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடினோம். அன்னையில இருந்து சாயங்காலம் பையைக் காலி பண்ணாம கடை சாத்துறதில்ல. தேக்குத் தூள் தோல்லயும் மூச்சுலயும் ஒவ்வாமை கொடுக்கும், மாஸ்க்கையும் விடாதீங்க.

வேலை நடுவுல கரண்ட் போனா, பிட்டு மரத்துக்குள்ள இருக்கும்போதே ஸ்பிண்டிலை மறுபடி ஓட விடாதீங்க. பிட்டை மேல தூக்கிட்டு, பூஜ்யம் சரி பார்த்துட்டு ஓட்டுங்க.


பகோ_சீவல் | திங்கள் இரவு

அக்கா, படிச்ச உடனே போய்ப் பையைக் கொட்டினேன். நடுவுல ஒரு கைப்பிடித் தூள் கறுத்து, சூடா இருந்துச்சு. கை நடுங்கிடுச்சு. நீங்க எழுதலைன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியல.

நல்ல பலகையை இன்னைக்குக் காலை 5 மணிக்கு வெட்டினேன், கரண்ட் நல்லா இருந்த நேரம். தமிழ் வரி, பர்மிய வரி, ரெண்டும் ஒரே நிறம். சுவர் தேன் நிறத்துல பளிச்சுன்னு இருக்கு, உப்புத்தாள்கூடத் தேவைப்படல. ‘ர’வோட ஒரு முனையில மட்டும், நார் குறுக்கே வெட்டுப்படுற இடத்துல, கடுகளவு பழுப்பு இருக்கு. உள் மூலையெல்லாம் 2.5 ஆரத்துல நிக்குது, ஐயா சொன்ன மாதிரி உளி போடணும். எனக்கு உளி அவ்வளவு பழக்கமில்ல, இந்தப் பலகையில கை வைக்கப் பயமா இருக்கு.


மோல்மேன்_உளி | திங்கள் இரவு

‘ர’வுல இருக்கறதை உப்புத்தாளால தேய்க்காதீங்க. நார்முனையில கருகல் ஆழமா இறங்கியிருக்கும், தேய்ச்சா குழிதான் விழும். உளியால ஒரு மெல்லிய சீவு போதும்.

எத்தனை மூலை இருக்குன்னு எண்ணி வைங்க. எங்க மோல்மேன் ரயில் உங்க பெகு வழியாத்தானே போகுது. வெள்ளிக்கிழமை வர்றேன், 6 மி.மீ. உளியும் 3 மி.மீ. உளியும் தீட்டிக் கொண்டு வர்றேன். ‘ப’வோட முதல் மூலையை நான் எடுக்கறேன், ரெண்டாவது மூலையில இருந்து நீங்க எடுங்க.


பகோ_சீவல் | திங்கள் இரவு

எண்ணிட்டேன் ஐயா, 17 மூலை. வெள்ளிக்கிழமை ஸ்டேஷன்ல நிக்கிறேன். சாப்பாடு நம்ம வீட்டுல.